இறுக்கமும் விறைப்பும்: நுண்ணளவு எந்திரங்களின் நிலைதாங்கிகள்

அளத்தல், மாந்தர் கற்ற முதற்கலைகளுள் ஒன்று. நாழியும் மரக்காலும், சாணும் முழமும், கழஞ்சும் பலமும் நம் முன்னோர் நாவில் நாள்தோறும் பயின்ற சொற்கள். சோழர் காலத்தில் நிலமளக்கப் பதினாறு சாண் நீளமுள்ள கோல் ஒன்று வழங்கிற்று என்றும், அஃது உலகளந்த கோல் எனப் பெயர் பெற்றது என்றும் கல்வெட்டறிஞர் கூறுவர். பழங்கோயில்கள் சிலவற்றின் கற்சுவரில் அளவுகோலின் நீளம் வெட்டி வைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். கையிலுள்ள மரக்கோல் வளையலாம், முனை தேயலாம், களவாகக் குறைக்கவும் படலாம். சுவரிலுள்ள கோடு எங்கும் போகாது. ஐயம் எழுந்தால் கோலைச் சுவரோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இக்காலத் தொழிற்சாலைகளில் கேலிபரேஷன் என வழங்கும் செயலின் கரு இதுவே.

இதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. அளவை ஒன்று, அவ்வளவையை அசையாது தாங்கி நிற்கும் பொருள் மற்றொன்று. முன்னதைப் பற்றி நூல்கள் பல உள. பின்னதைப் பற்றித் தமிழில் எழுதினார் அரியர். தமிழ்த்துறை மலரில் எந்திரத் தாங்கிகளுக்கு என்ன வேலை என வினவுவாரும் இருக்கக்கூடும். ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்ததால் ஒரு தொழிற்கூடத்தின் ஒருநாள் வேலை நின்ற செய்தியொன்று நம் செவிக்கு எட்டியது. சொல்லாராய்ச்சி நம் தொழிலாதலின் அதனைப் புறக்கணிக்க மனம் வரவில்லை.

ஓர் அளவறை

திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் செங்கற்பட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னையிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் கும்மிடிப்பூண்டி உள்ளது. ஊரை ஒட்டிச் சென்னை–கூடூர் இருப்புப்பாதையும் கொல்கத்தா நெடுஞ்சாலையும் செல்கின்றன. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. சிப்காட் வளாகத்திலும் அதனைச் சுற்றியும் இரும்பு உருக்காலைகள், உருட்டாலைகள், ஊர்தி உறுப்புகள் செய்யும் கூடங்கள் எனப் பலவும் இயங்குகின்றன. திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் சிறு பட்டறைகள் பல. வாரநாளில் காலை மின்தொடரில் ஏறிப் பார்ப்போர்க்கு இவ்வட்டாரத்தின் இளைஞர் எங்கே செல்கின்றனர் என்பது சொல்லாமலே விளங்கும். நம் கல்லூரியின் பழைய மாணவரும் அவருள் உளர்.

அவருள் ஒருவர், இயற்பியல் பயின்றவர். பகுதி ஒன்று தமிழை நம்மிடம் கற்றவர். அப்பகுதியிலுள்ள ஒரு கூடத்தின் அளவறைக்குப் பொறுப்பாளராக இருக்கிறார். அவர் அழைப்பின்பேரில் அவ்வறையைக் கண்டோம். குளிரூட்டிய சிறு அறை. நடுவே மெருகேறிய கருங்கல் மேசை. மேசைமேல் பாலம் போன்ற அமைப்பொன்று மெல்லிய காற்றுப் படலத்தின்மீது மிதந்து ஓசையின்றி நகர்கிறது. பாலத்தினின்று இறங்கும் தண்டின் நுனியில் செயற்கை மாணிக்கத்தாலான சிற்றுருண்டை. அவ்வுருண்டை ஒரு பொருளைத் தொட்ட கணமே, தொட்ட இடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் கணிப்பொறியில் பதிவாகின்றன. இதனை முப்பரிமாண அளவெந்திரம் எனலாம், அங்குள்ளோர் சி.எம்.எம். என்றே வழங்குகின்றனர். அங்கு அளக்கப்பெறுவன பிரேக் உறுப்புகளும் கியர்ப்பெட்டிக் கூடுகளும். அளவு மைக்ரானில். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றின் பருமனே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும்.

பிறவற்றை அளக்கும் எந்திரத்தை அளப்பது யார்? ஆண்டுக்கொரு முறையேனும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தார் வந்து அதனைச் சோதிக்கின்றனர். உலகெங்கும் இதற்கென ஒரே முறை வகுத்துள்ளனர், ஐ.எஸ்.ஓ. 10360 என்னும் வரிசையின் இரண்டாம் பகுதி அதனைக் கூறும். முன்பே நீளம் உறுதிசெய்யப்பட்ட அளவைகளை எந்திரத்தின் வெளிக்குள் ஏழு நிலைகளில் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஐந்து நீளங்களை, ஒவ்வொன்றையும் மும்முறை அளக்க வேண்டும். ஆக 105 அளவீடுகள். இதற்குப் பெரிதும் பயன்படுவது ஸ்டெப் கேஜ்: சீப்பின் பற்களைப்போல் இடைவிட்டு அமைந்த அளவுக்கட்டைகளைக் கொண்ட நீண்ட எஃகுத் தண்டு. ஏழு நிலைகளில் நான்கு, ஓர் அறையின் தரைமூலையிலிருந்து எதிர்க்கூரை மூலைக்குக் கயிறு கட்டினாற்போன்ற மூலைவிட்டங்கள். தண்டை மேசைமேல் கிடத்துவது எளிது. அந்தரத்தில் சாய்வாக நிறுத்துவது எங்ஙனம்? அதற்கே ஸ்டாண்டு, பிக்சர் என்றெல்லாம் அங்கே வழங்கும் தாங்கி தேவைப்படுகிறது. நிலைதாங்கி என்பது நாம் இட்ட பெயர்.

இனி அச்செய்திக்கு வருவோம். ஒருமுறை சோதனை நாளில் மூன்று மூலைவிட்டங்கள் செவ்வையாக அமைந்தன; நான்காவது வரம்பை மீறிற்று. எந்திரம் பிழையுடையது எனச் சான்று எழுதினால், அதுவரை அவ்வெந்திரம் அளந்து அனுப்பிய சரக்கெல்லாம் ஐயத்துக்கு உரியதாகிவிடும். வண்டியில் ஏற்றியவை இறங்க வேண்டும். ஏறாதவை நிற்க வேண்டும். அன்று வேலை நின்றது. தாங்கியை உற்று நோக்கிய நம் மாணவர், அளவைத்தண்டு நான்கு இடங்களில் கிளாம்பிட்டு ஸ்பேனரால் முடுக்கப்பட்டிருப்பதைக் கண்டார். உதவியாளரை வினவினார். "ரிஜிடா வைக்கச் சொன்னீங்களே சார், அதான் நல்லா முறுக்கி வுட்டேன்" என்று அவர் விடையிறுத்தார். நான்கு கிளாம்புகளையும் கழற்றி, முறைப்படி இரண்டிடங்களில் மட்டும் தாங்கி, சில மணிநேரம் ஆறவிட்டு மீண்டும் அளந்தபோது நான்காம் மூலைவிட்டமும் வரம்புக்குள் அடங்கிற்று.

உதவியாளர்மீது குற்றமில்லை. ரிஜிட் என்பதை அவர் இறுக்கம் எனப் பொருள்கொண்டார். நம் அகராதிகளும் அவ்வாறே கொள்ள இடந்தருகின்றன. வேண்டியது விறைப்பு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது மட்டுமன்று, நுண்ணளவில் பலபோழ்து ஒன்று மற்றொன்றுக்குப் பகையாகவும் அமைகிறது.

ஆறு வகை அசைவு

நான்கு கால் மேசை தரையில் ஆடுவதும், ஒரு காலின்கீழ்த் தாளை மடித்துச் செருகுவதும் நம் வகுப்பறைகளில் அன்றாடக் காட்சி. முக்காலி ஆடுவதில்லை. கிராமத்து அடுப்புக்குக் கல் மூன்றே. நான்காவது கல்லை வைத்துப் பானையேற்றிய கிழவி எவரும் இலர். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை ஐயமற வரையறுக்கும். நான்காவது புள்ளி, முன்னைய மூன்றோடு முற்றும் ஒத்துப்போனாலன்றிச் சண்டையிடும். மேசை மெல்லிய பலகையாயின் நான்கு காலும் தரையைத் தொடும். ஆனால் பலகை முறுக்கிக்கொள்ளும். ஆட்டம் மறைந்தது, கோணல் பிறந்தது. முடுக்கிய தாங்கியில் நிகழ்வதும் ஈதே.

இதனைப் பொதுவிதியாக்கியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலாரான மாக்சுவெல், கெல்வின் ஆகியோர். வெளியில் தனித்துள்ள திண்பொருள் ஒன்று ஆறு வகையில் அசையலாம்: நீளம், அகலம், உயரம் என மூன்று வழி நகர்வு; அம்மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்ட மூன்று வழிச் சுழற்சி. ஆறு அசைவையும் தடுக்க ஆறு தொடுபுள்ளிகள் போதும். ஐந்தாயின் ஆடும், ஏழாயின் முறுக்கும். கெல்வின் பெயரால் வழங்கும் அமைப்பில், மேற்பொருளின் அடியில் மூன்று உருண்டைகள் இருக்கும். ஓர் உருண்டை மும்முகக் குழியில் அமர்ந்து மூன்று புள்ளிகளில் தொடும். மற்றொன்று நீண்ட பள்ளத்தில் அமர்ந்து இரண்டில் தொடும். மூன்றாவது வெறுந்தளத்தில் ஒன்றில் தொடும். மூன்றும் இரண்டும் ஒன்றும் ஆறு. மாக்சுவெல் காட்டிய அமைப்பில் மூன்று உருண்டைகளும் மூன்று பள்ளங்களில் இவ்விரு புள்ளிகளாகத் தொடும். இங்ஙனம் அமைந்த பொருளை எத்தனை முறை எடுத்து வைத்தாலும் அதே இடத்தில் வந்து அமரும். அதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. தாங்கி வெம்மையால் விரியினும் உருண்டைகள் பள்ளத்தில் வழுக்கிக்கொள்ளும். மேலுள்ள பொருளை இழுத்து வளைக்கா.

அளவெந்திரத்தின் கல்மேசையும் பெரும்பாலும் மூன்று புள்ளிகளிலேயே நிற்கிறது. அத்துணைக் கனமான கல்லைக் காண்போர், அடியில் எத்தனை கால்களோ என எண்ணுவர். குனிந்து பார்த்தால் வியப்புத்தான்.

இரண்டு புள்ளிகள்

ஆறு புள்ளிகள் எவை என்பது மட்டுமன்றி, அவை எங்கே அமைய வேண்டும் என்பதும் வினாவே. நீண்ட தண்டு ஒன்றை இரு முனைகளிலும் தாங்கினால் நடு தொய்யும். நடுவில் தாங்கினால் முனைகள் தொங்கும். தொய்வு கண்ணுக்குத் தெரியாமற் போகலாம், மைக்ரானுக்குத் தெரியும். இரண்டுக்கும் இடையே தக்க இடம் ஒன்று இருத்தல் வேண்டும்.

1834-இல் இலண்டன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபோது பிரித்தானியரின் மூல கஜக்கோலும் பழுதுபட்டது. புதிய கோல் செய்யும் பணியில் ஈடுபட்ட வானியலறிஞர் ஏரி, கோலைத் தாங்கும் புள்ளிகள் பற்றி 1845-இல் கணக்கிட்டார். தண்டின் நீளத்தில் 0.577 பங்கு இடைவெளியில் இரு தாங்கிகளை வைத்தால், தண்டு தொய்ந்தாலும் அதன் இரு முனைமுகங்களும் ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கும். ஒரு மீட்டர்த் தண்டாயின் முனையிலிருந்து 211 மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தாங்க வேண்டும். செருமானிய அறிஞர் பெசல் பெயரால் வழங்கும் இடைவெளி 0.559 பங்கு, அங்கே தாங்கினால் தண்டின் நீளம் தொய்வால் மிகமிகக் குறைவாகவே மாறும். முனைமுகம் முதன்மையானால் ஏரி. முழுநீளம் முதன்மையானால் பெசல். ஸ்லிப் கேஜ், ஸ்டெப் கேஜ் ஆகியவற்றின் பக்கத்தில் சிறு கோடுகளோ அம்புக்குறிகளோ காணப்பட்டால், அவை அழகுக்கு இட்டவை என எண்ணற்க.

இதில் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி மீட்டரின் வரலாற்றில் உள்ளது. 1889 முதல் உலகின் மீட்டர், பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஒரு தண்டின்மேல் இட்ட இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவாக இருந்தது. அத்தண்டு குறுக்குவெட்டில் ஆங்கில எக்ஸ் எழுத்தை ஒத்தது. குறைந்த உலோகத்தில் மிகுந்த விறைப்பு வேண்டித் திரெஸ்கா என்னும் பிரெஞ்சுப் பொறியியலார் வகுத்த வடிவம் அது. 1927-இல் மீட்டரின் வரையறையை மேலும் செப்பமாக்கிய பன்னாட்டு மாநாடு, தண்டின் வெப்பநிலையைக் கூறியதோடு நிற்கவில்லை. குறைந்தது ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இரு உருளைகளின்மேல், ஒரே கிடைத்தளத்தில், 571 மில்லிமீட்டர் இடைவெளியில் தண்டு தாங்கப்பட்டிருக்க வேண்டும் எனவும் விதித்தது. தண்டின் முழுநீளம் 1020 மில்லிமீட்டர். அதனைப் பெசலின் எண்ணால் பெருக்கினால் 571 வருவதைக் காணலாம். அளவையின் இலக்கணத்துக்குள்ளேயே தாங்கி இடம்பெற்றுவிட்டது. தாங்கியின்றி மீட்டர் இல்லை என்னும் நிலை 1960 வரை நீடித்தது. அவ்வாண்டு மீட்டர் ஒளியலையின் நீளத்தால் வரையறுக்கப்பட்டது. 1983 முதல் ஒளி வெற்றிடத்தில் 299,792,458-இல் ஒரு நொடியில் செல்லும் தொலைவே மீட்டர். ஆயினும் வரையறை ஒளிக்கு மாறியதால் பட்டறை ஒளிக்கு மாறிவிடவில்லை. அங்கே இன்றும் எஃகுத் தண்டுதான், இரண்டு புள்ளிகள்தாம்.

அந்தரத்தில் சாய்த்து நிறுத்தும் தண்டுக்கும் இவ்விதியே பொருந்தும். ஒரு புள்ளியில் மென்மையாகப் பற்ற வேண்டும். மற்றதில் தாங்க மட்டுமே வேண்டும், நீளவாட்டில் நகர விட்டுவிட வேண்டும். இரண்டையும் பிணித்தால் தாங்கி விரியும்போது தண்டையும் உடன் இழுக்கும். நான்கு கிளாம்பு இட்டதன் தீமை இப்போது விளங்கும்.

தடித்த கால், குட்டைக் கால்

அங்ஙனமாயின் விறைப்பு எங்கே வேண்டும்? தாங்கியின் உடலில் வேண்டும். தொடுமிடங்கள் குறைவாக, உடல் விறைப்பாக இருத்தலே தாங்கியின் இலக்கணம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள திண்ணிய எஃகுத் தூணை அடியில் உறுதியாகப் பதித்து 500 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிறுத்துக. உச்சியில் ஒரு கிலோ எடையளவு விசையால் பக்கவாட்டில் தள்ளினால் அத்தூண் ஏறத்தாழ 7 மைக்ரான் சாயும். அசையவே அசையாது என நாம் சத்தியம் செய்யக்கூடிய தூண்! உயரத்தை இருமடங்காக்கினால் சாய்வு எட்டு மடங்காகி 50 மைக்ரானைக் கடக்கும். உயரத்தை விடுத்துப் பருமனை இருமடங்காக்கினாலோ சாய்வு பதினாறில் ஒரு பங்காகி அரை மைக்ரானுக்கும் கீழே போகும். உயரம் மும்மடிப் பெருக்கமாகக் கெடுக்கிறது. பருமன் நான்மடிப் பெருக்கமாகக் காக்கிறது. எனவே நல்ல தாங்கி குட்டையாக, தடித்ததாக, சற்று அழகற்றதாகவே இருக்கும். பட்டியல்களில் காணும் ஒயிலான ஒல்லித் தாங்கிகளைக் கண்டு மயங்குவோர் இதனை எண்ணுதல் நலம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. விலையுயர்ந்த எஃகினால் செய்தால் விறைப்பு மிகும் என்பது. வலிமை வேறு, விறைப்பு வேறு. வலிமை என்பது முறியாமை. விறைப்பு என்பது வளையாமை. சாதாரண எஃகும் உயர்ந்த கலவை எஃகும் முறியும் அளவில் பெரிதும் வேறுபடும்; வளையும் அளவில் ஏறத்தாழ ஒன்றே. அலுமினியம் எஃகைப்போல் மும்மடங்கு வளையும். ஆகவே சிறு பட்டறையார் பொருளுக்குச் செலவிடுவதைக் காட்டிலும் வடிவத்துக்குச் சிந்தனை செலவிடுதல் சிக்கனம்.

எனினும் நேர்மையாகச் சொல்லவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. தாங்கி ஒருமுறை வளைந்து அப்படியே நின்றுவிட்டால் பெருங்கேடில்லை. தண்டு எத்திசையில் நிற்கிறது என்பதை எந்திரமே முதலில் தொட்டு அறிந்துகொள்ளும். முதற்பல்லைத் தொட்டதற்கும் இறுதிப்பல்லைத் தொட்டதற்கும் இடையே தாங்கி அசைந்துவிட்டால்தான் கேடு. மாணிக்க உருண்டை தொடும் விசை மிக மெல்லியது. அதனால் தடித்த தாங்கிக்கு ஒன்றும் நேராது. ஆனால் கும்மிடிப்பூண்டியில் தரையே அசைகிறது. இருப்புப்பாதையில் சரக்குத்தொடர் போகும். நெடுஞ்சாலையில் கனவண்டிகள் போகும். அடுத்த கொட்டகையில் பவர் பிரஸ் இடிக்கும். அதிர்வில் ஒல்லித் தாங்கி யாழ்நரம்புபோல் நடுங்கும். கல்மேசையின் அடிமானத்தைக் கட்டடத்தின் தளத்தினின்று பிரித்து அமைப்பதும், அதிர்வை விழுங்கும் திண்டுகள் வைப்பதும் இதனால்தான். நம் மாணவர், தொடர்வண்டி நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். ஊருக்குப் போவதற்கன்று என்று சிரித்துக்கொண்டே கூறினார்.

வெம்மை

தாங்கியின் மற்றொரு பகை வெம்மை. ஒரு மீட்டர் எஃகு ஒரு பாகை செல்சியசு ஏறினால் ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். அலுமினியம் அதனைப்போல் இருமடங்கு நீளும். கல் எஃகினும் குறைவாக நீளும். எனவே நீளம் என்றாலே எந்த வெப்பநிலையில் எனக் கேட்டாக வேண்டும். 1931-இல் உலகம் 20 பாகை என முடிவு செய்தது. அம்முடிவு எடுத்தோர் நம்மூர் வைகாசியைக் கண்டாரல்லர். வெளியே 40 பாகை காயும்போது அளவறையை 20-இல் நிறுத்தச் சிறுதொழில் முனைவோர் கட்டும் மின்கட்டணம் சிறிதன்று. 32 பாகையிலுள்ள பட்டறையில் ஒரு மீட்டர் எஃகு, அளவறையில் இருப்பதைவிட 138 மைக்ரான் நீண்டிருக்கும். உள்ளே கொணர்ந்த உடனே அளத்தல் கூடாது, ஆறவிட வேண்டும். தாங்கியையும் உடன் ஆறவிட வேண்டும். இதனைத்தான் பலர் மறக்கின்றனர். வெறுங்கையால் தாங்கியைப் பற்றி நெடுநேரம் முடுக்கிக்கொண்டிருந்தால் கைச்சூடே போதும். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தைச் சொரிகிறார். சோதனை நாளில் அறையில் கூட்டம் கூடலாகாது. நம்மையும் கதவருகே நிறுத்திவிட்டார்.

இவையெல்லாம் அண்மைக்காலத்து மேனாட்டுக் கவலைகள் என எண்ண வேண்டா. இவ்வட்டாரத்துக்குத் தெற்கே, சென்னை நகரின் மறுகோடியில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கவலையோடு ஒருவர் வெயிலில் நின்றார். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே தொடங்கிப் பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஓர் அடிக்கோட்டை அளக்கலானார். இந்திய நாட்டை முக்கோணங்களால் அளந்த பெருநில அளவையின் முதற்கோடு அது. பின்னாளில் கன்னியாகுமரி முதல் இமயம் வரை நீண்ட கணக்குக்கெல்லாம் அடிப்படை. கருவி, இலண்டன் கருவியாளர் ராம்சுடன் பட்டறையில் பிறந்த 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகச் சென்று, ஏற்கப்படாமல், கல்கத்தா வழியாக லாம்டன் கைக்கு வந்தது என்பது அதன் தனிக்கதை. வெறுந்தரையில் சங்கிலியை இழுத்துப் போட்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. திருகால் உயர்த்தவும் தாழ்த்தவும் தக்க முக்காலிகள்மேல் நீண்ட மரப்பெட்டிகளை நேர்க்கோட்டில் அடுக்கி, அவற்றுள் சங்கிலியைக் கிடத்தினார்; உடன் வெப்பமானிகளை வைத்தார். மற்றொரு சங்கிலியை வேலைக்கு எடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே காத்து வைத்தார். பெட்டியும் முக்காலியும் அவருடைய நிலைதாங்கி. இரண்டாம் சங்கிலி அவருடைய கற்சுவர்க்கோடு. அடிக்கோட்டின் நீளம் ஏறத்தாழ 40,006 அடி. பாரன்ஹீட் அளவில் ஒரு பாகை தவறினால் அந்நீளத்தில் மூன்று அங்குலம் பிழைபடும் என்பது எஃகின் விரிவைக் கொண்டு நாம் போட்ட கணக்கு. சித்திரை வெயிலில் ஒரு பகலுக்குள் எத்தனை பாகை மாறும் என்பதைச் சென்னையில் வாழ்வோர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்முக்காலிகளைத் தூக்கிச் சுமந்தோர் நம்மூர்க் கூலியாட்களே. அவர்தம் பெயர்கள் எழுதப்பெறவில்லை.

சொல் பற்றிச் சில

கேலிபரேஷன் என்பதற்கு அளவுத்திருத்தம் என்னும் சொல் வேரூன்றிவிட்டது. இனி அதனைப் பிடுங்க இயலாது. ஆயினும் அது முழுப்பொருளைத் தரவில்லை. அச்செயலில் ஒப்பிடுதல்தான் உண்டு; எந்த அளவுக்கு விலகுகிறது எனக் கண்டு எழுதுவதோடு அது முடிகிறது. திருத்துவது அடுத்த வேலை. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கியபோது, கோல் முதலில் தான் சமனாக நின்று, அதன் பின்னரே பிறபொருளை வரையறுக்கும் எனப் பரிமேலழகர் பொருள் கண்டார். கேலிபரேஷனுக்கு அதைவிடச் சுருங்கிய விளக்கத்தை நாம் எந்தப் பொறியியல் நூலிலும் கண்டதில்லை. அளவிலும் நிறையிலும் குறைப்போரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் 83-ஆம் அத்தியாயம் அப்பெயராலேயே அமைந்திருப்பதை நம் மாணவர் அறிவர். அதனை வணிகர் கைத்தராசுக்கு மட்டும் உரியதாகக் கருதுவோர் உண்டு. அல்-காஸினீ என்னும் அறிஞர் 1121-ஆம் ஆண்டளவில் எழுதிய ‘மீஸானுல் ஹிக்மா’, தராசின் அச்சு எங்கே அமைய வேண்டும், கோல் எவ்வாறு தொங்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் கணிதமாக ஆராய்கிறது. நேர்மை வேண்டும் என்பதோடு அமையாமல், நேர்மைக்குத் தாங்கி எங்கே வேண்டும் எனத் தேடிய உள்ளம் அது.

நம் மாணவரின் வேண்டுகோள் இதனினும் எளியது. அளவறைச் சுவரில் ஆங்கிலத்தில் அச்சிட்ட நெறிமுறை ஒன்று தொங்குகிறது, படிப்போர் இலர். "ஐயா, நம்ம பசங்களுக்குப் புரியிற மாதிரி தமிழ்ல ஒரு பக்கம் எழுதித் தாங்க" என்றார். நெடுநாள் அகராதிகளைப் புரட்டிய நமக்கு அவ்வொரு பக்கம் எளிதாக வந்துவிடவில்லை. பிக்சர் என்பதற்குத் தாங்கி என எழுதினால் பேரிங்கைக் குறிக்கும் என்றனர். ஆகவே நிலைதாங்கி என எழுதினோம். ரிஜிட் என்பதற்கு உறுதி என்றால் வலிமையோடு மயங்கும். கெட்டி என்றால் மீண்டும் ஸ்பேனர் எழும். விறைப்பு என்றே கொண்டோம். இறுக்கம் என்னும் சொல்லை அருகிலேயே வைத்து, இரண்டும் வேறு என ஒரு தொடரில் எழுதினோம்: நிலைதாங்கியின் கால் விறைப்பாக இருக்க வேண்டும்; அளவைத்தண்டின்மேல் பிடி இறுக்கமாக இருக்கக் கூடாது. அதன்கீழ், அம்புக்குறியிட்ட இரண்டு இடங்களில் மட்டும் தாங்குக, ஓரிடத்தில் மட்டும் பற்றுக, கையுறையோடு தொடுக, தாங்கியையும் தண்டோடு சேர்த்து ஆறவிடுக என்று எழுதிக் கொடுத்தோம்.

சில திங்கள் கழித்து மீண்டும் அவ்வறைக்குச் சென்றிருந்தோம். தாள் சுவரில் இருந்தது. ஓரங்களில் எண்ணெய்க்கறை படிந்திருந்தது. நிலைதாங்கி என நாம் எழுதிய இடங்களையெல்லாம் யாரோ பென்சிலால் அடித்து, ஸ்டாண்டு என எழுதியிருந்தனர். விறைப்பு, இறுக்கம் என்னும் இரண்டு சொற்களின் அடியிலும் கோடிட்டிருந்தனர், அவற்றை மாற்றவில்லை.